தகரத்து ரோசா

மயிலிட்டிக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள சிறு வளவொன்றிலே ரோசாச் செடி ஒன்று நிற்கின்றது. உயரம் இரண்டடிக்குச் சற்று மேல். நெருங்கிக் கிளைத்து, கடகமொன்றைக் கவிழ்த்து வைத்தாற் போன்ற வடிவினது. பூக்கள் இளஞ்சிவப்பு, ஓர் உள்ளங்கையில் இரண்டு அடங்கும் அளவு சிறியன. மணமும் மெல்லியது. கருவாட்டு வாடை வீசும் நாளில் அதனை உணர வேண்டுமாயின் மூக்கைப் பூவுக்குள் புதைத்தாக வேண்டும். ஹக்கலைப் பூங்காவின் ரோசாக்களைப் பார்த்து வந்தோர் இதனைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஆயினும் இச்செடியை நிலத்தில் இறக்குவதா விடுவதா என்று முடிவு செய்ய, அதனை வளர்த்த மூதாட்டிக்கு ஓராண்டுக்கு மேல் சென்றது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் அவர் இளம்பெண். கணவன் கொண்டுவரும் மீனைக் கடகத்தில் வைத்துத் தலையிற் சுமந்து செம்மண் ஊர்களுக்கு நடந்து செல்வார். வயாவிளானிலே ஒரு வீட்டின் கிணற்றடியில் இந்த ரோசா நின்றது. ஒருநாள் மீன் வாங்கிய வீட்டுக்கார அம்மாவிடம் சில்லறை போதவில்லை. மிச்சக் காசுக்கு ஈடாக ஒரு கொப்பு முறித்துக் கொடுத்தார்.

"உங்கடை உப்புக் காத்திலை இது வருமோ தெரியாது, பிள்ளை."

"வந்தால் பூ, வராட்டில் விறகு, அம்மா."

அது வந்தது. ஆனால் எளிதில் வந்துவிடவில்லை. ரோசா சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. மயிலிட்டி போன்ற வடகரை ஊர்களிலே மண்வெட்டி சிறிது ஆழம் இறங்கியதும் கல்லில் மோதும். இத்தகைய மண்ணில் நட்ட ரோசாவின் இளந்தளிர் மஞ்சளித்து, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இல்லாமையன்று இதற்குக் காரணம். இரும்பு இருக்கும், சுண்ணாம்பு அதனை வேர் பற்றிக்கொள்ள விடாது. ஊரார் சொன்னபடி அவர் அடுப்புச் சாம்பலைப் போட்டார். மீன் கழுவிய நீரையும் ஊற்றினார். சாம்பல் காரத்தைக் கூட்டியது; மீன் நீரோடு உப்பும் சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட இவ்விரு உபகாரங்களையும் கடந்தே அச்செடி பிழைத்தது.

அதன் பிழைப்புக்கு இனமும் காரணமாகலாம். ஆண்டு முழுவதும் இடையறாது பூத்தலும், குறுகிய வடிவும், வெம்மையைத் தாங்கும் இயல்பும் சீனத்து ரோசாக்களின் வழிவந்த குணங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை ஐரோப்பாவை அடையும்வரை, அங்குள்ள பழைய ரோசாக்களிற் பெரும்பாலானவை ஆண்டுக்கொரு முறையே பூத்தன. இந்து சமுத்திரத்தின் ரீயூனியன் தீவிலே சீனத்து ரோசாவையும் தமாஸ்கு ரோசாவையும் கலந்து வேலியாக நட்டிருந்தார்கள். அவ்வேலிகளிலே தானே கலந்து பிறந்த இளஞ்சிவப்பு இனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரான்சை அடைந்தது. வேலிக்கு ரோசாவை நடுவது கிடுகும் கதியாலும் கண்டு பழகிய கண்ணுக்கு ஆடம்பரமாகவே தோன்றும். எவ்வாறாயினும், கொப்பு நட்டு வளர்த்த ரோசா தாய்ச்செடியின் பிள்ளையன்று, அதே செடியே. உலகின் எந்த மூலையிலே நட்டாலும் அதே செடிதான். இந்த உண்மையின் பயனை மயிலிட்டிப் பெண் பின்னாளில் அறிந்தார்.

எண்பதுகளில் மல்லாகத்து வீடொன்றிலே அவரிடம் வழமையாக மீன் வாங்குவோர், அவர் கொண்டையில் இருந்த பூவைக் கண்டு ஆசைப்பட்டனர். அடுத்த முறை கடகத்திலே ஈரச்சாக்கில் சுற்றி ஒரு கொப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். விலை பேசவில்லை. அன்று ஒரு மீன் கூடுதலாக விலைப்பட்டது என்பதே அவர் நினைவில் உள்ள கணக்கு.

1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினர். சில நாட்களில் திரும்பலாம் என்றெண்ணிப் புறப்பட்டவர்களிடம் செடிக்கு நீரூற்றுமாறு சொல்லிச் செல்லவும் ஆளிருக்கவில்லை. அயலவரும் உடன் நடந்தார்கள். மயிலிட்டி உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. மல்லாகத்தை அண்டிய நலன்புரி நிலையமொன்றிற் குடியமர்ந்து சில மாதங்களின் பின், அவர் அந்தப் பழைய வீட்டுப் படலையில் போய் நின்றார். இம்முறை தலையில் கடகமில்லை. கேட்டது ஒரு கொப்பு மாத்திரமே.

அதனைப் பால்மாப் பேணியில் நட்டார். வேர் பிடித்தபின் எண்ணெய்த் தகரமொன்றுக்கு மாற்றினார். நிலத்தில் நடவில்லை. நிலையம் இருந்தது பிறருடைய காணியில். இரவற் காணியிலே வெங்காயம் வைக்கலாம், கீரை வைக்கலாம். ஆண்டாண்டாக நிற்கும் ஒன்றை வைப்பது காணிக்காரர் மனத்தில் வேறு எண்ணத்தை உண்டாக்கும் என்று அவர் கருதினார். வேறொரு காரணத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம். நிலத்தில் நட்டதைத் தூக்க முடியாது. தகரத்தின் அடியில் இரண்டு செங்கற்களும் வைத்தார், நிலத்தைத் தொடாதிருக்கும் பொருட்டு.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தபோது தகரம் உடன் செல்லவில்லை. அன்றிரவு வீதியிற் கால் வைக்க இடமிருந்தால் போதும் என்றிருந்த நிலையில், செடி சுமப்போரைக் கண்டவர் எவருமிலர். 1996இல் அவர் மீண்டு வந்தபோது கூரை சரிந்திருந்தது. செங்கற்களை யாரோ எடுத்திருந்தார்கள். வெறும் நிலத்திற் கிடந்த தகரத்தின் அடி துருப்பிடித்து உதிர்ந்து, அத்துளையினூடே வேர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. மாதக்கணக்காக ஒருவரும் நீரூற்றாத செடியிலே பாதி காய்ந்திருந்தது, பாதி தளிர்த்திருந்தது. அவர் வேரை அறுத்து வேறொரு தகரத்துக்கு மாற்றினார். அறுத்தபோது அழுததாகச் சொல்லுகிறார். எதற்கென்று கேட்பின் சிரிப்பார்.

2017 யூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதனையொட்டிய ஏறக்குறைய 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டன. இருபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. கணவர் இல்லை. வீட்டிலே எஞ்சியது அத்திவாரமும் ஒரு சுவர்த்துண்டும். எல்லையைக் காட்டக் கதியால் ஒன்றுகூட இல்லை. கிணற்றை வைத்தே தம் வளவை அடையாளங் கண்டார். தற்காலிகக் கொட்டிலின் வாசலில், தகரத்திலேயே ரோசாவும் குடியேறியது.

மகனும் மருமகளும் அதனை நிலத்தில் நடுமாறு கேட்டனர். கிணற்று நீர் பழுது என்றார். இறைத்துத் துப்புரவு செய்தபின் வாடைக்காற்றுத் தாங்காது என்றார். கிடுகு கட்டித் தருவதாக மகன் சொன்னபோது மண் சரியில்லை என்றார். மூன்றும் உண்மையே. ஆயினும் அயல் வளவுகளிலே தென்னம்பிள்ளைகள் நடப்பட்டபோது அவர் இக்காரணங்களில் ஒன்றையும் எடுத்துச் சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது. மறுபடியும் போகச் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வி அவ்வூரிலே பலரிடம் இருந்தது. சிலர் அதனைச் சீமெந்து வாங்காமற் காட்டினார்கள். இவர் ரோசாவை நடாமற் காட்டினார்.

2018 ஐப்பசியில், முதல் மழை விழுந்த மறுநாள், எவரிடமும் சொல்லாமல் நட்டார். ஆனால் ஆயத்தம் நெடுநாளையது என்பது நட்ட முறையிலே தெரிந்தது. கல் தட்டும்வரை கிடங்கு வெட்டி, வயாவிளானிலிருந்து முன்னரே எடுப்பித்து மூலையிற் குவித்திருந்த செம்மண் இரண்டு கடகம் இட்டார். தோட்டக்காரர் குழை தாழ்ப்பது போலப் பூவரசங் குழையையும் உக்கிய மாட்டெருவையும் அடுக்கினார். சாம்பல் இல்லை, மீன் நீரும் இல்லை. இரும்புச் சல்பேற்றை நீரிற் கரைத்து ஊற்றுவதுண்டு. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலே அதுவும் விரைவிற் பயனற்றுப்போகும். உக்கும் குழையே ஆண்டுதோறும் வேருக்கு உதவுவது. கடற்பக்கம் மார்பளவுக்குக் கிடுகு கட்டினார்கள். செடி குட்டையானமையால் அம்மறைப்புப் போதியதாயிற்று. உயர வளரும் இனமாயின் வாடை அதன் தலையைத் தின்றிருக்கும்.

நீர் விடுவதிலும் அவருக்கொரு முறையுண்டு. குடாநாட்டிலே நன்னீர், கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்திருப்பின் கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் ஆய்வாளர் கணக்கு. அதனால் மேலே ஓரடி குறைவது சிறு இழப்பன்று. கரையோரக் கிணற்றை இயந்திரத்தால் உறிஞ்சினால் உவர் மேலெழும். அவர் இக்கணக்கைப் படித்தவரல்லர். விடியற்காலையிலே வாளியைத் தாழவிடாமல் மேலாக இரண்டு வாளி அள்ளுவார். உப்புக்காற்று வீசிய நாளில் இலைகளையும் அந்நீராற் கழுவுவார்.

முதலாண்டு இலை கருகியது, தளிர் மஞ்சளித்தது. இரண்டாமாண்டு பங்குனியிற் பதினொரு பூக்கள். அவற்றுள் ஒன்றையும் பறிக்க விடவில்லை. வயாவிளானுக்கு ஒரு கொப்புக் கொண்டுபோனார். பழைய வீட்டின் கிணற்றடியில் எருக்கலை மண்டியிருந்தது. கொடுத்த அம்மா எங்கிருக்கிறார் என்பது அயலிலும் எவருக்கும் தெரியவில்லை. கொப்பைத் திருப்பிக் கொண்டுவந்து, புதிய தகரமொன்றில் நட்டார்.

"மாமி, இதையும் இறக்கிவிடுங்கோவன்" என்றாள் மருமகள்.

"ஒண்டு நிலத்திலை நிக்குதுதானே. இது கிடக்கட்டும்."

அந்தத் தகரம் இப்போது கிணற்றடியில் இருக்கிறது. அதன் அடியில் அவர் செங்கல் வைக்கவில்லை.