சொல்லாமல் காலி செய்யும் குடித்தனக்காரி

நாளைக் காலையில் டபராவில் காப்பியை ஆற்றும்போது மலைத்தேனீயை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உங்கள் பொடியில் ரோபஸ்டா கலந்திருந்தால், அது தன் மகரந்தத்தால் தானே காய்க்காத ஜாதி. குடகுத் தோட்டங்களில் பூவுக்குப் பூ மகரந்தம் சேர்ப்பதில் பெரும் பங்கு இந்தத் தேனீயுடையதுதான்.

"பெட்டியில் வைத்து வளர்த்துவிட்டால் போயிற்று!" என்பீர்கள். நடக்காது. பொந்துத் தேனீ இருட்டில் பல அடை கட்டுவது, பெட்டிக்கும் சம்மதிக்கும். மலைத்தேனீயோ பாறை விளிம்பிலோ உயர்ந்த கிளையிலோ, வெட்டவெளியில், ஒரே ஓர் அடைதான் கட்டும். அதுவே சில சமயம் மூன்று நான்கு அடி அகலம்! அவளைக் காப்பதென்றால் அவள் இருக்கும் இடத்தைத்தான் காக்க வேண்டும்.

காக்கத்தானே செய்கிறோம்? நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-ல் ஏற்பட்டது. மூன்று மாநிலங்களில் 5,520 சதுர கிலோமீட்டர். முதுமலையும் பந்திப்பூரும் அதற்குள்தான். ஆனால் நம் நாயகி வருஷம் முழுவதும் ஒரே இடத்தில் குடியிருப்பவள் அல்ல. பூ தீர்ந்ததும் கூட்டத்தோடு கிளம்பிவிடுவாள். எங்கே பூவோ அங்கே ஜாகை. வனத்துறையின் எல்லைக்கல்லை அவள் எங்கே கண்டாள்?

இன்னோர் ஆச்சரியம். அஸ்ஸாமில், புறப்பட்டுப் போய்த் திரும்பி வந்த கூட்டங்களின் மரபணுவைச் சோதித்துப் பார்த்தார்கள். பழைய ராணி பழைய இடத்துக்கே வந்திருந்தாள்! 2000-ஆம் வருஷம் வெளியான முடிவு இது. ஆகவே, காப்பகத்துக்கு வெளியே சாலை அகலப்படுத்த ஓர் ஆலமரத்தை வெட்டினால், திரும்பி வருகிறவளுக்கு வீடே இராது.

மரம் கிடைக்காத பட்டணத்தில் அவள் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்குகிறாள். எங்கள் தெருவில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் அப்படித்தான் வந்தாள். ராத்திரியோடு ராத்திரியாக மருந்து அடித்தார்கள். காலையில் முற்றம் பெருக்கியவள் முறம் முறமாக வாரிக் கொட்டினாள். "குழந்தைகள் இருக்கிற இடம், ஸார்!" என்றார் வீட்டுக்காரர். அவர் பயம் பொய்யல்ல. ஒன்று கொட்டினால், அந்த வாசனையே மற்றவற்றையும் அழைத்து வந்துவிடும்.

பள்ளிக்கூட வாசலில் கட்டினால், விஷயம் தெரிந்த ஆளைக் கொண்டு அப்புறப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் நாலாவது மாடித் தொட்டிக்கு அடியில்? கல் எறியாமல், புகை போடாமல் விட்டிருந்தால், பூ முடிந்ததும் அவளே போயிருப்பாள். கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டைக் காலி செய்யும் குடித்தனக்காரர் வேறு யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?