வாப்பா படித்த வழிப்பலகைகள்

அயல்நாட்டில் வாடகைக் கார் எடுத்து ஓட்டுவது செல்வர்களின் பொழுதுபோக்கு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். 2023ஆம் ஆண்டில் எண்பத்திரண்டு வயதான என் வாப்பா, தாம் இளமையில் கடைச் சிப்பந்தியாக உழைத்த பினாங்கை மீண்டும் ஒருமுறை காண விரும்பியபோது அவ்வெண்ணம் மாறிற்று. பேருந்துப் படிகளில் அவர்களால் ஏற இயலாது. நினைத்த இடத்தில் நிறுத்தி இளைப்பாறவும் வேண்டும். பேரப்பிள்ளைகளின் பெயர்களே அவர்கள் நாவில் இடறத் தொடங்கியிருந்த காலம் அது. ஆதலின் பயணத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை.

அடையாற்றுக்காரர்களாகிய எங்களுக்குரிய திருவான்மியூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற்றேன். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை வழிவந்த அச்சிறு ஏடு ஓராண்டு செல்லும். நம் ஊர் உரிமம் உடனில்லையேல் அது வெறுந்தாள்தான். கோலாலம்பூரில் காரைச் சுற்றி வந்து, ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுத்து, பெட்ரோல் அளவைக் குறித்து, விபத்து நேரின் காப்பீடு ஏற்பது எவ்வளவு, நம் கைப்பணம் எவ்வளவு என்று கேட்டறிந்த பின்னரே கையெழுத்திட்டேன். வெளிநாடு செல்லும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்க.

மலேசியாவிலும் நம்மைப் போல் இடப்புறமே செல்கின்றனர். துபாய் செல்வோர்க்குள்ள தடுமாற்றம் எனக்கில்லை. தானியங்கிக் கியர் வண்டியில் இடக்கால் மட்டும் இல்லாத கிளட்சைத் தேடிக்கொண்டிருந்தது. திரு.வி.க. பாலத்தைக் கடப்பதற்குள் பத்து முறை ஹாரன் அடிக்கும் கைக்கு, வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வேலையே இல்லை. செவியை நம்பி ஓட்டிப் பழகியவன் பக்கக் கண்ணாடியையும் வழிப்பலகையையும் நம்ப வேண்டியதாயிற்று. பலகைகளோ மலாய் மொழியில்!

“இக்குத் கிரி ஜிக்கா தீடாக் மெமோத்தோங்” என்று பின்னிருக்கையிலிருந்து குரல் எழுந்தது. “முந்தாத நேரம் இடப்பக்கமாப் போகச் சொல்றான், தம்பி” என்றார்கள் வாப்பா. மெமோத்தோங் என்றால் வெட்டுதல். முந்துவதையும் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். பொருத்தமான சொல்தான். அதன்பின் ‘ஆவாஸ்’ எச்சரிக்கை, ‘பெர்ஹெந்தி’ நில் எனப் பலகைதோறும் பாடம் நடந்தது. அவசரத் தடத்தைக் குறிக்கும் ‘கெச்செமாசான்’ என்ற சொல்லில் மட்டும் தயங்கினார்கள். அவர்கள் நாடு திரும்பியது 1969இல். 1972இன் எழுத்துச் சீர்திருத்தத்தில் ‘சி–எச்’ என்னும் ஈரெழுத்து ‘சி’ என்ற ஓரெழுத்தாயிற்று. சிறிது நேரங்கழித்துத் தாமே கண்டுகொண்டு, “ஓர் எழுத்தைக் கழிச்சுட்டான்!” என்று சிரித்தார்கள். பேரன் பெயர் நழுவியவிடத்தில், ஐம்பத்து நான்கு ஆண்டு புழங்காத மொழி நின்றிருந்தது. மருத்துவர் விளக்கக்கூடும், நான் கேட்கவில்லை.

பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது, நீளம் 13.5 கிலோமீட்டர். வாப்பாவின் காலத்தில் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குச் செல்லப் படகுதான். பாலம் முடியும்வரை அவர்கள் பேசவேயில்லை.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அண்மையிலுள்ள சூலியாத் தெருவில், அவர்கள் வேலை பார்த்த கடையிருந்த கட்டடம் பயணியர் விடுதியாகியிருந்தது. இறங்க விரும்பவில்லை, இன்னொரு முறை சுற்றிவரச் சொன்னார்கள். ஜார்ஜ் டவுனில் ஒருவழித் தெருக்கள் பல. கிரி, கானான் என்று இடமும் வலமும் அவர்களே சொல்லிவர, மூன்று முறை சுற்றினோம். மூன்றாம் முறை அக்கட்டடத்தைப் பார்க்காமலே, “படகுத்துறைக்குப் போ, தம்பி” என்றார்கள்.