கறளுக்கு என்ன விலை?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்பவர்கள் எல்லாரிடமும் ஒரு வசனம் இருக்கும்: "அருமையான சாமான் தம்பி, இனிக் கிடையாது." மூன்று பேர் காசு சேர்த்து எம்.ஜி.பி தேடிய நாங்களும் அதைக் கேட்டுக் களைத்துவிட்டோம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் அது. இலங்கையில்தான் அரிது.

பொனற்றைத் திறக்க முதல் கதவுக்குக் கீழே குனிந்து பார்ப்போம். இந்தக் காருக்குத் தனிச் சேசி இல்லை. கதவுக்கடியில் ஓடும் பெட்டித் தகடுதான் முதுகெலும்பு. அதில கறள் பிடிச்சால் புதுப் பெயின்ற் அடிச்சும் பிரயோசனமில்லை. காந்தம் வைத்துப் பார்த்தோம்; ஒட்டாத இடத்தில் இருந்தது தகடில்லை, பட்டி.

எஞ்சினுக்குப் பயப்படவில்லை. எங்கட ஊர்க் கராச்சுகளுக்குப் பழகிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60 இன் எஞ்சினும் இதுவும் ஒரே குடும்பம். உதிரிப்பாகங்களும் இங்கிலாந்தில் இன்னும் புதிதாக வருகின்றன.

குரோம் பம்பருக்குத்தான் மவுசு. 1974 இன் கடைசியில் வந்த கறுப்பு றப்பர் பம்பர் மொடல்கள் விலை குறைவு. காட்சிக்கு வைக்காமல் ஓடப்போகிற எங்களுக்கு அது லாபம்.

நல்ல நிலையிலுள்ள காரின் விலையில் தகட்டு வேலைச் செலவைக் கழித்து எங்கள் விலையைச் சொன்னோம். விற்பவரின் முகம் மாறியது. "அப்பா வைச்சிருந்த கார்."

அப்பாவின் ஞாபகத்துக்கு நாங்கள் விலை பேசேல்லை. காந்தத்தை அவர் கையில் கொடுத்தோம். அவரே குனிந்து வைத்துப் பார்த்தார். பிறகுதான் விலை பற்றி இரண்டு பக்கமும் நேராகக் கதைக்க முடிந்தது.