பிக்கப் இல்லாத பிக்கப்!



'கேம்' என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு டிராயிங் ஹால்தான் நினைவுக்கு வரும். அடிவட்டம் போட்டு, அதைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்து, டிஸ்பிளேஸ்மென்ட் டயகிராமிலிருந்து ஒவ்வொரு உயரமாக டிவைடரில் எடுத்து வைத்து, கடைசியில் பிரெஞ்ச் கர்வை எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தாமல் கையாலேயே ஒரு இழுப்பு இழுத்து முடிப்போமே... அதே கேம்தான். கத்திமுனை ஃபாலோயர், உருளை ஃபாலோயர், தட்டை ஃபாலோயர் என்று எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். அந்தத் தட்டை ஃபாலோயர் தேய்ந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே நின்றுபோகும் என்பதை நான் தெரிந்துகொண்டது 2024 மே மாத விடுமுறையில், ஒட்டன்சத்திரம் பழனி ரோட்டில் இருக்கும் ஒரு டீசல் பட்டறையில்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து கேரளாவுக்கு நிறையக் காய் போகிறது. பட்டறைக்கு வந்த வண்டியும் காய் ஏற்றும் வண்டிதான். 2009 மாடல் டீசல் பிக்கப். நான்கு சிலிண்டர், பழைய மாதிரி மெக்கானிக்கல் பம்ப். கம்பெனிப் பெயர் இங்கே தேவையில்லை; வண்டியின் மேல் குற்றமும் இல்லை. ஓட்டுபவரே ஓனர். பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிப் போவார். ஒரு மாதமாக வண்டி இழுக்கவில்லை. லேசான ஏற்றத்துக்கே தேர்டு கியர் கேட்கிறது, கரும்புகை தள்ளுகிறது. "பேருதாண்ணே பிக்கப்பு, பிக்கப்பே இல்ல!" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. இரண்டு தடவை லோடு லேட்டாகப் போய்ச் சேர்ந்ததில் வியாபாரி வேறு வண்டியைப் பிடித்துவிட்டார். ஃபைனான்ஸ் தவணை ஒன்று நிலுவை. எங்களிடம் வருவதற்கு முன்பே வேறு இடத்தில் பம்பைக் கழற்றி காலிப்ரேஷன் செய்து, நான்கு நாசிலும் புதிதாகப் போட்டு, ரூ.16,000 செலவழித்திருந்தார். வண்டி அப்படியேதான் இருந்தது.

எங்கள் மேஸ்திரி அண்ணன் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "பாலிடெக்னிக்கு, இங்க வா" என்றுதான் கூப்பிடுவார். அவர் முதலில் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. என்ஜினை ஐடிலிங்கில் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். 'டிக்... டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். அது டாப்பெட் சத்தம் என்று எனக்கே தெரிந்தது.

"டாப்பெட் எத்தனை தடவை வச்சாங்க மாப்ள?"

"மூணு தடவைண்ணே. வச்சா ஒரு வாரம் தாங்கும். அப்புறம் மறுபடி அடிக்கும்."

"எந்த வால்வு?"

"அது தெரியலண்ணே."

பிறகு நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொன்னார். நல்ல சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினால் என்ஜின் உடனே தடுமாறும். ஒன்று தடுமாறியது. இரண்டும் நான்கும் தடுமாறின. மூன்றாவதை நிறுத்தியபோது அவ்வளவாக எதுவுமே நடக்கவில்லை. ஆக, மூன்றாவது சிலிண்டர் வேலை செய்யாமல் சும்மா கூட வந்துகொண்டிருக்கிறது! (நம் ஹாஸ்டலிலும் அப்படிச் சிலர் உண்டு, பெயர் வேண்டாம்.) நாசில் கோளாறாக இருக்குமோ என்று ஒன்றாவது நாசிலை மூன்றிலும், மூன்றாவதை ஒன்றிலும் மாற்றிப் போட்டோம். நாசில் கெட்டிருந்தால் கோளாறும் அதோடு சேர்ந்து ஒன்றாவது சிலிண்டருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, மூன்றிலேயே நின்றது. கம்ப்ரஷன் பார்த்தோம். மூன்றாவது சிலிண்டரில் ஒரு குறையும் இல்லை. ரிங் சரி, வால்வு சீட்டிங் சரி. டீசலும் வருகிறது, அழுத்தமும் இருக்கிறது, பிறகு ஏன் எரியவில்லை? இந்த இடத்தில்தான் முன்னால் பார்த்தவர்கள் பம்பின் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பம்ப் பாவம், வாய் இல்லாத பிராணி.

அண்ணன் ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் கரி. "காத்து போற வழியில புகைக்கு என்னப்பா வேலை?" என்றார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிட்டது. எக்ஸாஸ்ட் வால்வு போதுமான அளவு திறக்கவில்லை என்றால் எரிந்த புகை முழுதாக வெளியே போக முடியாது. அடுத்து இன்லெட் வால்வு திறந்ததும், உள்ளே அடைபட்டிருந்த புகை அந்த வழியாகத் திரும்பி வரும். சிலிண்டரில் பாதி பழைய புகையே நிற்கும்போது புதுக் காற்றுக்கு இடம் ஏது? காற்று குறைந்தால் டீசல் சரியாக எரியாது, கரும்புகைதான் வரும். ஆனால் வால்வு மூடும்போது ஒழுங்காகத்தான் மூடுகிறது. அதனால்தான் கம்ப்ரஷன் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை.

சந்தேகத்தை அளந்து பார்த்துவிடலாம் என்று பக்கத்து லேத் பட்டறையிலிருந்து மேக்னெட் ஸ்டாண்டோடு டயல் கேஜை வாங்கி வந்தேன். ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி, ஒவ்வொரு புஷ் ராடின் தலையிலும் கேஜை வைத்து, கிராங்கைக் கையால் சுற்றினோம். கிராங்க் இரண்டு சுற்று, கேம் ஒரு சுற்று. ஏழு புஷ் ராடுகள் 6.9 மி.மீ.க்கும் 7.0 மி.மீ.க்கும் நடுவில் ஏறி இறங்கின. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் மட்டும் 4.4 மி.மீ.! முள் அதற்கு மேல் நகரவே இல்லை. முட்டையின் மூக்கு இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்துவிட்டது. (லோபைப் பட்டறையில் எல்லோரும் முட்டை என்றே சொன்னார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

ஓனரிடம் சொன்னபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்று சொன்னாலும் சரிதான். கேம் ஷாஃப்ட் என்றால் என்ஜினைக் கீழே இறக்க வேண்டும். இந்த என்ஜினில் கேம் ஹெட்டின் மேல் இல்லை, பிளாக்கின் உள்ளே படுத்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்: "அந்த ஒத்தை முட்டையில மட்டும் வெல்டு வச்சு, லேத்துல கடைஞ்சுக்கலாமேண்ணே? ஜூன் மாசம் வருது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பணம் கட்டணும்..."

"கடையலாம் மாப்ள. நாளைக்கு ஓடும். அடுத்த மாசம் பாலக்காட்டு ரோட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு நிக்கும். அப்ப யாரைக் கூப்பிடுவே?"

அண்ணன் சொன்னதற்குப் பின்னால் பெரிய பாடமே இருக்கிறது. வட்டமில்லாத முட்டையைச் சாதாரண லேத்தில் உருவம் மாறாமல் கடைய முடியாது. மாஸ்டர் கேமை வைத்துத் தேய்க்கும் கிரைண்டிங் மிஷின் வேண்டும். வெல்டிங் சூட்டில் ஷாஃப்ட் வளையும், கெட்டிப்படுத்திய மேல்தோலும் போய்விடும். மேல்தோல் போன கேம், தோல் உரிந்த கால்மாதிரி. எத்தனை நாள் நடக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் கேம் 1,000 சுற்று. ஒரு வால்வு ஒரு மணி நேரத்தில் 60,000 தடவை திறந்து மூடுகிறது. எட்டு மணி நேர ஓட்டத்தில் 4,80,000 தடவை. ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங்கின் முழு பலமும் முட்டைக்கும் டாப்பெட்டுக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு கோட்டில் வந்து நிற்கிறது. நடுவில் இருப்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான்.

கடைசியில் அண்ணன் சொன்னது இது: "உதிரிபாகத்துக்கு மட்டும் இப்பக் குடு. கூலியை வண்டி ஓடி, நீ இழுவை சரியா இருக்குன்னு சொன்ன பிறகு குடு. நான் சொன்னது தப்புன்னா கூலியே வேண்டாம்." பட்டறை வாடகை பாக்கி இருந்த மாதம் அது என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் செயின் பிளாக் போட்டு என்ஜினை இறக்கினோம். ரேடியேட்டர், ஃபேன், பம்ப், நாசில் என்று கழற்றியதையெல்லாம் எழுதினால் மலர் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். புஷ் ராடுகளை ஒரு அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு, நம்பர் எழுதிச் செருகி வைக்கச் சொன்னார் அண்ணன். ஓடிப் பழகிய இடத்துக்கே ஒவ்வொன்றும் திரும்பப் போக வேண்டுமாம். அதைவிட முக்கியமானது டாப்பெட். இந்த என்ஜினின் டாப்பெட்டுக்குக் காளான் மாதிரி அகலமான பாதம். மேல் வழியாக வராது. கேமை அப்படியே உருவினால் எட்டும் தடதடவென்று கீழே சரிந்து வழியை மறித்துக்கொள்ளும். சில என்ஜின்களில் டாப்பெட்டின் குழிக்குள் மரக்குச்சியை இறுக்கிச் செருகி, மேலே தூக்கிக் கட்டி வைத்தே கேமை உருவிவிடுவார்களாம். நாங்கள் அந்த வித்தைக்குப் போகவில்லை. சம்பைக் கழற்றி, இரண்டு பழைய டயரின் மேல் என்ஜினைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். டாப்பெட்டுகள் தாமாகவே கேமை விட்டு விலகி உட்கார்ந்துகொண்டன. த்ரஸ்ட் பிளேட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, கியரைப் பிடித்து அண்ணன் மெதுவாகச் சுற்றிச் சுற்றி இழுத்தார். புஷ்ஷில் ஒரு கீறல்கூட விழாமல் முழு ஷாஃப்டும் வெளியே வந்தது. தாய் வயிற்றிலிருந்து பிள்ளையை எடுப்பதுபோல் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் அண்ணன் அப்போது கெட்ட வார்த்தையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார் என்பதே உண்மை.

நண்பர்களே, எட்டு டாப்பெட்டையும் துடைத்து வரிசையாக வைத்தபோது நான் பார்த்ததை எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. ஏழு டாப்பெட்டின் பாதத்திலும் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள், கிராமபோன் தட்டு மாதிரி. எட்டாவதில் வட்டமே இல்லை. குறுக்கே ஒரே பள்ளம், விரல் நகம் மாட்டும் அளவுக்கு. நாம் வரைகிற தட்டை ஃபாலோயர் மேலும் கீழும் மட்டும்தான் போகும். உண்மையான டாப்பெட் மேலும் கீழும் போவதோடு தன்னைத்தானே சுற்றிக்கொண்டும் இருக்கிறது! அதற்காகவே முட்டையை இம்மி சரிவாகத் தேய்த்திருப்பார்கள், டாப்பெட்டின் பாதத்தையும் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிவாகச் செய்திருப்பார்கள். தொடும் இடம் நடுவிலிருந்து தள்ளி விழுவதால் ஒவ்வொரு அடிக்கும் டாப்பெட் கொஞ்சம் திரும்பும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பாதம் முழுக்கப் பரவும். இந்த எட்டாவது டாப்பெட் அதன் துளையில் கசடு பிடித்துச் சுற்றுவதை நிறுத்திவிட்டது. ஒரே கோட்டில் உரசி உரசி முட்டையையும் தின்று தன்னையும் தின்றுவிட்டது. டாப்பெட் வைக்க வைக்க கேப் ஏன் கூடிக்கொண்டே போனது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கசடு எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் எப்போதோ தாண்டியிருந்தது. குறையக் குறைய டிரம்மில் அளந்து விற்கும் ஆயிலை ஊற்றியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவணை, டீசல், டோல் என்று எண்ணிய பிறகு மிஞ்சுவதில்தான் ஆயில் வாங்க வேண்டும். எண்ணும்போது கடைசியில் நிற்பது எப்போதும் ஆயில்தான்.

தேய்ந்த இரும்பெல்லாம் எங்கே போயிருக்கும்? ஆயிலில்தான். சம்பின் அடியில் விரல் வைத்தால் வெள்ளிப் பொடி மினுங்கியது. ஒரு கனெக்டிங் ராடின் கேப்பைக் கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் நீளவாக்கில் கீறல்கள். வேறு வழியில்லை, பேரிங் செட்டும் மாற்ற வேண்டியதாயிற்று. புதுக் கேம், புது டாப்பெட் எட்டு, பேரிங், கேஸ்கெட், சீல், ஆயில், ஃபில்ட்டர் எல்லாம் சேர்ந்து ரூ.20,000-ஐ ஒட்டி வந்தது. நல்லா இருக்கும் ஏழு டாப்பெட்டையாவது திரும்பப் போடலாமா என்று ஓனர் கேட்டார். பழைய டாப்பெட் பழைய முட்டையோடு பழகியது. புது முட்டையின் மேல் வைத்தால் அதையும் சேர்த்துக் கெடுக்கும். அண்ணன் ஏழையும் ஸ்கிராப் டின்னில் போட்டார்.

மாட்டும் வேலை கழற்றும் வேலையைவிடச் சீக்கிரம் முடிந்தது. முட்டைகள் மீது மாலிப்டினம் பேஸ்ட் தடவி, கேமை உள்ளே விட்டு, கிராங்க் கியரின் புள்ளியும் கேம் கியரின் புள்ளியும் நேருக்கு நேர் வரவைத்து, ஆட்டத்தை ஃபீலர் கேஜில் பார்த்து, கழற்றும் முன் பஞ்ச் அடித்து வைத்த குறியிலேயே பம்பை உட்காரவைத்தோம். ஸ்டார்ட் செய்வதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முதலில் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து, டீசல் போகாமல், ஆயில் லைட் அணையும் வரை செல்ஃப் அடித்தோம். பிறகு ஸ்டார்ட். வாங்கியதும் அண்ணன் ஐடிலிங்கில் விடவே இல்லை. நேராக 1,500-க்குமேல் ஏற்றி, இருபது நிமிடம் அங்கேயே ஏற்றி இறக்கி வைத்தார். புதுக் கேமுக்கு முதல் இருபது நிமிடம்தான் ஆயுள் ரேகை. மெதுவாக ஓடினால் கிராங்க் வாரி அடிக்கும் ஆயில் முட்டைக்குப் போதாது.

'டிக் டிக்' இல்லை. மூன்றாவது பைப் நட்டைத் தளர்த்தினேன். என்ஜின் நன்றாகத் தடுமாறியது. ஒரு என்ஜின் தடுமாறியதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்ற வரச் சொல்லியிருந்தோம். நான்காம் நாளே வந்துவிட்டார். பழைய வியாபாரி மறுபடி லோடு கொடுத்திருந்தார். கூலியைக் கேட்காமலே எண்ணி அண்ணன் கையில் வைத்தார். பாதிதான், மீதி அடுத்த வாரம் என்றார். அண்ணன் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு, கழற்றிய ஃபில்ட்டரை ஹேக்சாவால் அறுத்து, உள்ளே இருந்த காகித மடிப்பை விரித்து வெயிலில் பிடித்தார். காந்தத்தை மேலே ஓட்டினேன். நுனியில் லேசாகச் சாம்பல் நிறம். பொடி இல்லை, மினுக்கம் இல்லை.

"இருக்கா பாலிடெக்னிக்கு?"

"இல்லைண்ணே."

"அப்ப சீக்கிரம் ஆயிலை ஊத்துங்க தம்பி, ரெண்டு மணிக்கு மார்க்கெட்ல தக்காளி நிக்குது" என்றார் வண்டிக்காரர்.