கழற்ற முடிகிற மூட்டு

கேரளத்தின் பெருமாட்டிப் பக்கம் கார்த்திகை பிறந்தால் கிழக்குக் காற்று கிளம்பிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை 30–40 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற வறண்ட காற்று. உதடு வெடிக்கும், கதவில் இடுக்கு விழும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் அதே கதவு உப்பிக்கொண்டு சாத்த வராது. இந்த ஊரில் மரச்சாமான் எல்லாமே வருஷா வருஷம் சுருங்கி உப்புகிறவைதான்.

எங்கள் வீட்டுத் தேக்கு ஆடும் நாற்காலி மூட்டு விட்டதும் இதனால்தான். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்கும், ஆனாலும் சுருங்கும். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்குவாக்கில்தான் மாறும். காலில் எடுத்த துளையும் அதில் இறங்கிய சட்டத்தின் கழுந்தும் குறுக்கும் நெடுக்குமாக நிற்பதால், ஒன்று போகும் திசைக்கு மற்றது வராது. நடுவில் இருக்கும் பசைதான் அடிபடும். சாதா நாற்காலி இதை நெடுங்காலம் தாங்கிவிடும். ஆடும் நாற்காலியிலோ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாரம் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் மாறுவதால், விரிந்த மூட்டு சீக்கிரமே லொடலொடக்கும்.

முன்பு யாரோ பின்னங்காலில் இரண்டு ஆணி இறக்கியிருந்தார்கள். ஆணியைச் சுற்றி மரம் கறுத்து, விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. பக்கத்துத் தெரு ஆசாரித் தாத்தா அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆணி மட்டும் அடிச்சுறாதே கண்ணு. மரம் அசையத்தான் செய்யும். அசைய விடாம புடிச்சா பொளந்துக்கும்.”

பழைய சாமான்களை ஒட்டியது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரம். 1959இல் ஃபெவிகால் வந்தபின் பட்டறைகளில் அதன் புழக்கம் குறைந்தது. ஃபெவிகால் நல்ல பசை. புது மரத்தில் அருமையாகப் பிடிக்கும். ஆனால் காய்ந்த பழைய பசைமேல் அது சரியாகப் பிடிக்காது. பிடித்த இடத்தில் பிறகு பிரிப்பதும் பெரும்பாடு. வஜ்ஜிரம் அப்படியல்ல. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இளகும். மிச்சமிருக்கும் பழைய வஜ்ஜிரத்தோடு புதியது கலந்து பிடிக்கும்.

ஒவ்வொரு சட்டத்திலும் அதன் காலிலும் ஒரே எண்ணைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். துணி நனைந்து மூட்டு இளகியதும் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டினால் கழுந்து வெளியே வந்தது. தேய்ந்து மெலிந்த கழுந்துகளில் இழைப்புளியில் சீவிய மெல்லிய தேக்குச் சீவலைச் சுற்றி ஒட்டி, துளைக்கு இறுக்கமாக வரும்வரை உப்புத்தாள் போட்டேன். வஜ்ஜிரத்தை நேரடியாக அடுப்பில் வைத்தால் கெட்டுவிடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துத்தான் உருக்க வேண்டும். பூட்டியபின் கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினேன். முறுக்க முறுக்க மூட்டுகளின் ஓரத்தில் தேன் நிறத்தில் பசை பிதுங்கியது. பிதுங்கினால்தான் உள்ளே நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ். அதற்கு வறண்ட நாள் வேண்டும். ஈரக்காற்றில் அடித்தால் வெளுத்துப்போகும்.

இத்தனை பாடு ஒரு நாற்காலிக்கா என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் அந்தத் தேக்குதான். பெருமாட்டி இருக்கும் இந்தச் சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அந்தச் சமஸ்தானம் 1907இல் பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு டிராம் பாதை போட்டுத் தேக்கை இறக்கியது. 1963இல்தான் அது மூடப்பட்டது. பல நூறு வயதான கன்னிமாரா தேக்கு பரம்பிக்குளத்தில் இன்றும் நிற்கிறது. அதன் கூட வளர்ந்த பெருமரங்கள் நாற்காலியாகவும் நிலைக்கதவாகவும் எத்தனையோ வீடுகளுக்குப் போய்விட்டன. அந்த வயது மரம் இனி விலைக்குக் கிடைக்காது. வீட்டில் இருப்பதைக் காப்பாற்றுவது ஒன்றே வழி.

காப்பாற்றுவது என்றால் இனி அசையாதபடி இறுக்கிவிடுவது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கிழக்குக் காற்று அடுத்த கார்த்திகைக்கும் வரும், மூட்டு என்றாவது மறுபடி விடும். அப்போது கையில் எடுப்பவர் மரத்தை உடைக்காமல் பிரிக்க முடிந்தால் அதுதான் ஒழுங்கான வேலை. இருக்கையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: ‘ஒட்டியது வஜ்ஜிரம். வெந்நீரில் கழலும். ஆணி வேண்டாம்.’