ரொட்டி இல்லாத டிக்‌ஷனரி

அன்னவாசல்ல இருந்து தினம் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி காலேஜ் போகிற பி.காம். பையன் ஒருத்தன் செக் மொழி படிக்கிறான். பேங்க்ல போடுற செக் இல்லீங்க, பிராக் நகரம் இருக்கிற செக் நாடு. (இந்த மொக்கை ஜோக்கை அவன் கிளாஸ்ல ஏற்கெனவே போதும் போதும்கிற அளவுக்கு அடிச்சாச்சு.)

ஏன் இந்த விபரீதம்? கணக்கு சிம்பிள். செக் நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தில் படித்தால் ஃபீஸ் உண்டு. செக் மொழியிலேயே படித்தால் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. தங்குவது, சாப்பாடு, விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் எல்லாம் தனி. இருந்தாலும் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பாவிடம் லட்சக்கணக்கில் ஃபீஸ் கேட்பதை விட, ஒரு மொழியோடு மல்லுக்கட்டுவது மேல் என்று முடிவு பண்ணிட்டான்.

சென்னையில் இருக்கும் மாமா ஆசையாக ஒரு பாக்கெட் டிக்‌ஷனரி வாங்கி அனுப்பினார். செக்-ஆங்கிலம், ஆங்கிலம்-செக், ரெண்டும் ஒரே புத்தகத்தில். முதல் நாளே ரொட்டிக்கான செக் வார்த்தையைத் தேடினான். பாடப் புத்தகத்தில் அது ‘சி, ஹெச்’ என்று ஆரம்பித்தது. ‘சி’ வரிசை முழுக்கப் புரட்டியும் இல்லை. "ரொட்டி கூட இல்லாத நாடாடா அது?" என்று அக்கா கிண்டல்.

தப்பு புத்தகத்துடையது இல்லை. செக்கில் ‘சி, ஹெச்’ ரெண்டும் சேர்ந்தால் ஒரே எழுத்து. அகராதியில் அதற்கு இடம் ‘ஹெச்’சுக்கு அப்புறம்! சரி, இது பழகினால் சரியாகிவிடும்.

அடுத்த அடிதான் நிஜ அடி. ‘விதீம் ப்ஸா’ என்று ஒரு வாக்கியம். ‘ப்ஸா’ எங்கேயுமே இல்லை. ரெண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, நாய்க்கு ‘பெஸ்’. ‘நாயை’ என்று ரெண்டாம் வேற்றுமை ஆகும்போது நடுவில் இருக்கிற ‘எ’ காணாமல் போய் ‘ப்ஸா’ ஆகிவிடுகிறது. நமக்கு இது புதுசா என்ன? தமிழ் படிக்கிற வெள்ளைக்காரர் ‘வந்தான்’ என்பதை அகராதியில் தேடினால் கிடைக்குமா? ‘வா’வுக்கு அல்லவா போகணும். நம்மைப் போலவே அங்கேயும் விளி வேற்றுமை உண்டு, மொத்தம் ஏழு வேற்றுமை. அதனால் ‘பெஸ்’ என்று போட்டு, பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘ப்ஸா’ என்று போடாத அகராதி புதுசாகப் படிக்கிறவனுக்கு உதவாது. மாமா வாங்கினது அந்த ரகம்.

காமர்ஸ் பையனுக்கு இன்னொரு கண்டம் காத்திருந்தது. ‘இன்ட்ரஸ்ட்’ என்ற ஆங்கில வார்த்தைக்கு நேரே ‘ஸாயெம், ஊரோக்’ என்று ரெண்டு வார்த்தை, வேறு விளக்கமே இல்லை. முதலில் இருந்ததை எடுத்து எழுதினான். பேங்க் ஏழு சதவீதம் ‘ஆர்வம்’ தருகிறது என்று அர்த்தமாகிவிட்டது :-) வட்டிக்கு ‘ஊரோக்’. ஆன்லைனில் பாடம் எடுத்தவர் சிரித்த சிரிப்பில் பையன் ஒரு வாரம் புத்தகத்தையே தொடலை.

டிக்‌ஷனரி யாருக்காகப் போட்டது என்பதை யாரும் பார்ப்பதில்லை. டார்கெட் கஸ்டமர் மேட்டர்தான். 1779-ல் ஃபாப்ரிசியுஸ் சென்னையில் போட்ட அகராதியும், 1862-ல் வின்ஸ்லோ போட்டதும் தமிழ் வார்த்தைக்கு ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்பவை. தமிழ் கற்க வந்த பாதிரிமார்களுக்கு வசதி. ஆங்கிலம் கற்கிற தமிழ்ப் பையனுக்கு அதை வைத்து ஒரு லெட்டர் எழுத முடியாது. அதே கதைதான் அங்கேயும். செக்காரர்களுக்காகவே போட்ட ஆங்கிலம்-செக் அகராதியில் மேசை (ஸ்தூல்) ஆண்பால், புத்தகம் (க்னிஹா) பெண்பால் என்று போட வேண்டிய அவசியமே இல்லை. அங்கே அது குழந்தைக்கும் தெரியும். அன்னவாசல்காரனுக்கு மேசை எப்படி ஆணாகும் என்பதே புரியாத விஷயம்!

வினைச்சொல்லும் ஜோடி ஜோடியாக வருகிறது. ‘ப்ஸாத்’ என்றால் எழுதிக்கொண்டிருப்பது, ‘நப்ஸத்’ என்றால் எழுதி முடிப்பது. ஒன்றைத் தேடினால் அதன் ஜோடியையும் அகராதி காட்டணும்.

ரெண்டாவது தடவை பையன் உஷார். பெரிய அகராதி ஒன்றின் மாதிரிப் பக்கங்களை நெட்டில் எடுத்து நாய், வட்டி, எழுது என்று மூன்றே வார்த்தையை வைத்துச் சோதித்தான். மூன்றும் பாஸ். விலைதான் மாமா கொடுத்ததைப் போல அஞ்சு மடங்கு. அதுவரைக்கும் செக் மொழி நிறுவனத்தின் இணையக் கையேட்டை வைத்து ஓட்டினான். வேற்றுமை உருபெல்லாம் அட்டவணையாக, இலவசம். ஆனால் விளக்கம் முழுக்கச் செக்கில்!

போன மாதம் புத்தகம் வந்துவிட்டது. அக்கா வாங்கி முதலில் ரொட்டியைத் தேடினாள், ‘சி’யில்.

"இல்லையேடா!"

"ஹெச் தாண்டிப் பாருக்கா. மாமா கேட்டா அந்தச் சின்ன புக்தான் யூஸ் பண்றேன்னு சொல்லிடு."