பதினொன்றில் நம்ம பங்கு

பி.காம். படித்தவனுக்குச் சொந்த ஊரில் ஒரு தொல்லை உண்டு. வருமான வரியிலிருந்து மகளிர் குழுக் கடன் வட்டி வரை எல்லாமே அவனுக்குத் தெரியும் என்று நினைத்துவிடுவார்கள். பத்திரிகைக்காரன் வேறு என்றால் கேட்கவே வேண்டாம்.

2025 ஆவணியில், ஓணம் லீவுக்கு நாகர்கோவில் போயிருந்தேன். மைனி (உங்கள் ஊரில் அண்ணி) காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார். "தம்பி, தமிழ்நாடு பதினோரு சதவீதம் வளந்திருக்குன்னு டிவியில சொல்லுகானே... அதுல நமக்கு எவ்வளவு?"

சிரித்தேன். ஆனால் மைனி சிரிக்கவில்லை. அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, மகனுக்கு ஒசூர் பக்கம் ஒரு செல்போன் தொழிற்சாலையிலிருந்து வந்த வேலை ஆர்டர். காண்ட்ராக்ட்தான், மாதம் 18,000 ரூபாய். பையன் பி.இ. படித்தவன். இன்னொன்று, துபாய்க்கு அனுப்ப ஏஜெண்ட் எழுதிக்கொடுத்த செலவுக் கணக்கு. துபாய் என்றால் தேரூர் பக்கம் இருக்கிற வயலை விற்க வேண்டும். அண்ணன் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. யோசனை சொல்ல வேண்டியவன் நான்.

டிவியில் சொன்ன பதினொன்று பொய்யில்லை. விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகும், 2024-25-ல் தமிழ்நாட்டின் உற்பத்தி 11.19 சதவிகிதம் வளர்ந்தது என்று 2025 ஆகஸ்டில் வந்த திருத்திய கணக்கு சொன்னது. அதே வருடம் இங்கிருந்து ஏற்றுமதியான எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களின் மதிப்பு 1,465 கோடி டாலர். இந்தியா மொத்தமாக அனுப்பியதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. நல்ல விஷயம்தான்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சங்கதி இருக்கிறது. பொருள் எங்கே உற்பத்தியானது என்று மட்டும்தான் அது பார்க்கும். உற்பத்தி செய்தவன் யார் பிள்ளை, யார் வயலை விற்றுப் படித்தான் என்றெல்லாம் விசாரிக்காது. இந்தப் பையன் ஒசூரில் போன் பூட்டினால் அது கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கணக்கு. துபாயில் வேலை பார்த்தால் துபாய் கணக்கு. அங்கிருந்து மாதாமாதம் அவன் அம்மாவுக்கு அனுப்பும் பணம் மாநில உற்பத்தியில் சேராது. அந்தப் பணத்தில் மைனி ஒரு வீடு கட்ட ஆரம்பித்தால், அப்போது கட்டடத் தொழில் என்ற பெயரில் சேரும். கட்டி முடித்துப் பூட்டிப் போட்டாலும் பரவாயில்லை, கட்டியது கணக்கில் ஏறிவிடும். மார்த்தாண்டம் பக்கம் போனால் பாருங்கள், இரண்டு மாடி, கிரானைட் தூண், வாசலில் பெரிய பூட்டு!

2011 சென்ஸஸில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் எங்களுடையது. 91.75 சதவிகிதம். அத்தனை பேரும் படித்துவிட்டு எங்கே போவார்கள்?

உள்ளூரிலேயே ஏதாவது செய்யக் கூடாதா என்பீர்கள். மாவட்டத்தின் மேற்கே ரப்பர் இருக்கிறது. 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாய் வரை போனது, 2016 பிப்ரவரியில் 100-க்கும் கீழே வந்தது, 2024 ஆகஸ்டில் மறுபடியும் 240-ஐத் தாண்டியது. இதை நம்பி யாராவது பிள்ளைக்குப் பெண் பார்ப்பார்களா? 2016-ல் இனயத்தில் துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. கடலோர ஜனங்கள் எதிர்த்தார்கள். இடத்தைக் கோவளம், மணக்குடிப் பக்கம் மாற்றினார்கள். அங்கேயும் எதிர்ப்பு. வீட்டை ஒட்டி வீடாக இருக்கிற கரை அது. எதிர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. களியக்காவிளையைத் தாண்டி, கேரளத்து விழிஞ்ஞத்தில் 2025 மே மாதம் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்துவிட்டார்கள். எங்கள் ஊர் மலைகளிலிருந்து கல்தான் லாரி லாரியாக எல்லை தாண்டிப் போனது. அதே ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனியின் மின்சார கார் தொழிற்சாலை திறந்தது. ஆக, தெற்கே ஒன்றுமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மைனிக்கு இன்னொரு பயமும் இருந்தது. அந்த மாதம்தான் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு வரியை 50 சதவிகிதம் ஆக்கியது. திருப்பூர் பனியன் மாட்டிக்கொண்டது, செல்போன் தப்பியது. "செல்போனுக்கு வரி இல்ல மைனி" என்றேன். "எத்தனை நாளைக்கு?" என்றார். பி.காம்.மில் இதற்குப் பாடம் இல்லை.

ராத்திரி உட்கார்ந்து வயலுக்கும் கணக்குப் போட்டேன். பேச்சிப்பாறைத் தண்ணீரில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைகிற வயல். உரம், நடவுக் கூலி, அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் போக, ஒரு போகத்தில் மிஞ்சுவது பையனுடைய ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். கணக்கு, விற்றுவிடு என்றது.

காலையில் நேர் எதிராகச் சொன்னேன். "வயல விக்காதீங்க மைனி. ஒசூருக்கே அனுப்புங்க. காண்ட்ராக்ட் முடிஞ்சு அனுப்பிட்டான்னா திரும்பி வர ஒரு இடம் வேணுமில்லா?"

மைனி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "நீங்க உங்க பங்க வித்துதானே தம்பி மெட்ராஸ்ல பிளாட் வாங்கினிய?"

உண்மைதான். 2008-ல் விற்றேன். அதே வயலின் கீழ்ப் பாதி. இப்போது அதில் நாலு வீடும் ஒரு டியூஷன் சென்டரும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போவேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனைப் பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட்டோம். ஜங்ஷனில் நிற்க இடமில்லை. லீவு முடிந்து போகிற பிள்ளைகள், ஆளுக்கொரு அம்மா, அம்மா கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம். ரயில் நகர்ந்த பிறகும் ஒருத்தரும் உடனே கிளம்பவில்லை.

தை மாதம் மைனி போன் செய்தார். பையனுக்குக் காண்ட்ராக்டை ஆறு மாசம் நீட்டியிருக்கிறார்களாம். கும்பப்பூ கதிர் நன்றாகப் பிடித்திருக்கிறதாம். புரோக்கர் யாராவது வந்தார்களா என்று மெல்லக் கேட்டேன்.

"வந்தான். இன்னும் ரெண்டு வருசம் பொறுத்தா சென்ட்டுக்கு நல்ல வெல வரும்ங்கான்" என்றார்.